கரையான் இல்லாத வீடு

என் அப்பா வாழ்நாளில் ஒரு இன்ஸ்பெக்‌ஷனிலும் தோற்றதில்லை. எங்கள் வீட்டைப் பிடித்த சனி அதுதான்.

அவர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். ரிடையர் ஆகிவிட்டார், ஆனாலும் தெருவில் இன்னும் ஹெச்.எம். என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறார். அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் போதும், அவருடைய பள்ளிக்கூடம் ஒரே நாளில் வேறு பள்ளிக்கூடம் ஆகிவிடும். உடைந்த பெஞ்சுகள் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய்விடும். கூரை ஒழுகிக் கறை பிடித்த சுவரில் பெரிய உலகப்படம் ஒன்று தொங்கும். தண்ணீரே வராத கழிவறைக்குக் கதவு மட்டும் பளபளவென்று நீலத்தில் மின்னும். படிப்பு ஏறாத பிள்ளைகளை அன்றைக்கு ஒருநாள் வீட்டிலேயே இருந்துவிடச் சொல்லுவார். அதிகாரி வருவார், டீ குடிப்பார், மிக நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் அப்பா வீடு திரும்புகிற நடையைப் பார்க்க வேண்டுமே! ஏதோ நாட்டைப் பிடித்துவிட்டு வருகிறவர் மாதிரி இருக்கும்.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே உடைந்த பெஞ்சு நான்தான்.

குழந்தையில் வந்த ஒரு காய்ச்சல் என் இடது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு கைக்குப் பிடிமானம் இருந்தால் நடப்பேன். இல்லாவிட்டால் விழுவேன். ஊன்றுகோல் பார்த்தாயிற்று, வாக்கர் பார்த்தாயிற்று, தோள்பட்டை வீங்கினதுதான் மிச்சம். வாடகை வீடுகளில் மேசை, நாற்காலி, பீரோ என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் போவேன். நடுவில் பிடிக்க ஒன்றும் இல்லாத இடம் வந்தால், "அம்மா" என்று கத்துவேன். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். இருபது வயதுப் பெண், இருபத்தைந்து வயதுப் பெண், பாத்ரூம் போவதற்கு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் அவர்கள் காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன்பே அப்பா என்னைச் சோபாவில் உட்கார வைத்துவிடுவார். அவர்கள் கிளம்பும்வரை நான் எழுந்திருக்கக் கூடாது. அவசரமாக வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். வந்தவர்கள், "பொண்ணு நல்லா அமைதியா இருக்காளே" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அமைதி எங்கே வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை ஒளிப்பானேன். ஆனால் என் பிழைப்போ பிறத்தியார் கோபத்தைக் கேட்பது. ஃபிரிட்ஜ் விற்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே போனில் புகார் வாங்குகிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, "உங்க சிரமம் புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. "நாங்க ஒண்ணுமே பண்ணலங்க, அதுவா நின்னு போச்சு" என்று முதல் வரியிலேயே சொல்கிறவர் கண்டிப்பாக ஏதோ பண்ணியிருப்பார். ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்த்திருப்பார், அல்லது பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்திருப்பார். குரலிலேயே தெரிந்துவிடும்.

அப்பாவின் ரிடையர்மென்ட் பணமும் என் சம்பளமுமாகச் சேர்த்துத்தான் இந்த வீட்டைக் கட்டினோம். தரைக்கு என்ன கல், ஜன்னலுக்கு என்ன கண்ணாடி என்று அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். நான் எதிலும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் அறையிலிருந்து பாத்ரூமுக்கு, அங்கிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து ஹாலுக்கு, சுவர் நெடுகிலும் ஒரு கைப்பிடி வேண்டும். பிடித்துக்கொண்டே வீடு முழுக்க நான் தனியாக நடக்க வேண்டும்.

இரும்புக் குழாய் போடலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். கடைசியில் மரத்தில் செய்தோம். கைப்பிடி மட்டும் தனியாகத் தெரிந்தால் ஏதோ நோயாளி வீடு போல் ஆகிவிடுமாம், அதனால் அதற்குக் கீழே தரைவரைக்கும் மரப்பலகை பதித்து, பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைக்கிற மாதிரி தச்சரைக் கொண்டு செய்ய வைத்தார். அவருக்கு அலங்காரம், எனக்கு நடை. எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். குடிவந்த முதல் நாள் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் தனியாகப் பாத்ரூம் போய், தனியாகத் திரும்பி வந்து, சமையலறையில் நானே டீ போட்டுக் குடித்தேன். அம்மா என் பின்னாலேயே வந்தாள். ஏன் வருகிறாய் என்று எரிந்து விழுந்தேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்துக் கம்பெனி ஒன்று மண்ணுக்கு மருந்து அடித்திருந்தது. வீடு முடிந்ததும் அதே கம்பெனிக்காரர் வந்தார். வருடா வருடம் ஒரு தொகை கட்டினால் ஆள் வந்து வீடு முழுக்கப் பார்ப்பார், கரையான் தெரிந்தால் மறுபடி மருந்து வைப்பார்கள், மரம் கெட்டுப்போனால் அவர்கள் செலவிலேயே மாற்றித் தருவார்கள் என்றார். அம்மாவுக்கு இது சுத்த தண்டமாகப் பட்டது. அதான் மருந்து அடித்தாயிற்றே, புது வீட்டுக்குள் கரையான் எங்கிருந்து குதிக்கப் போகிறது, வருடா வருடம் இவர்களுக்கு எதற்கு மொய் எழுத வேண்டும் என்றாள். கட்டத்தான் வேண்டும் என்றேன் நான். என் நடையே மரத்தில் இருக்கும்போது நான் வேறென்ன சொல்வேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. பார்த்துவிட்டுப் போனால் சர்டிபிகேட் உண்டா என்று கேட்டார். உண்டு, கம்பெனி முத்திரையோடு தருவோம் என்றார் அவர். அப்பா அந்த நிமிடமே பணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

முதல் வருடம் பார்க்க வந்தவரை நான் டார்ச் என்று கூப்பிட ஆரம்பித்தேன். பகலிலும் கையில் டார்ச் எரிந்துகொண்டே இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மரத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் அவசரம். ஒரு நாளைக்குப் பல வீடு பார்க்க வேண்டுமாம். அவர் வருவதற்கு முந்தின நாள் அப்பா வீட்டையே தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்தார். ஒட்டடை அடித்து, ஜன்னல் கம்பிகளுக்கு எண்ணெய் தடவி, என்னை நல்ல உடுப்பில் சோபாவில் உட்கார வைத்தார். கரையான் பார்க்க வருகிறவருக்கு நான் எதற்கு நல்ல உடுப்பில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இன்ஸ்பெக்‌ஷன்தான் என்றார். டார்ச் தட்டிப் பார்த்தார், டீ குடித்தார், ஒன்றும் இல்லை என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்.

இரண்டாம் வருடம் ஆள் வருவதற்குச் சில நாள் முன்பு, பாத்ரூமுக்குப் பக்கத்து மூலையில், பலகை முடிகிற இடத்தில், சுவரில் ஒரு மண் கோடு ஏறியிருப்பதைப் பார்த்தேன். காய்ந்த சேற்றை விரலால் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் கோடு இல்லை, அந்த இடம் வெள்ளையாக இருந்தது. கம்பெனிக்காரன் வந்து மருந்து வைத்துவிட்டுப் போய்விட்டான், நீ போனில் இருந்தாய் என்றார். நான் நம்பினேன். பெற்ற அப்பனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

டார்ச் வந்த அன்று காலையில் அப்பா என் மேசையையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பாத்ரூம் மூலையில் போட்டார். அங்கேதான் இப்போது சிக்னல் நன்றாக வருகிறது என்றார். உண்மையாகவே நன்றாக வந்தது, ஏனென்றால் வைஃபை பெட்டியையும் அங்கே மாற்றி வைத்திருந்தார். நான் காதில் மாட்டிக்கொண்டு யாரோ ஒரு அம்மாளின் ஃபிரிட்ஜ் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டார்ச் பக்கத்தில் வந்தார், என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பொண்ணு ஆபீஸ் காலில் இருக்கிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அப்பா சைகை காட்டினார். டார்ச் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போனார். மறுபடி டீ, மறுபடி சர்டிபிகேட். மறுநாளே மேசையும் வைஃபை பெட்டியும் என் அறைக்குத் திரும்பிவிட்டன. இரண்டாவது சட்டம் முதல் சட்டத்துக்குப் பக்கத்தில் ஏறியது. மூன்றாம் வருடமும் சிக்னல் அந்த மூலையில்தான் நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். இரண்டு புகார்களுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் பாத்ரூம் போக எழுந்தேன். என் அறையைத் தாண்டி, வழக்கம்போல் வலது கையால் கைப்பிடியைப் பற்றி, உடம்பின் பாரத்தை அதில் கொடுத்தேன். கை உள்ளே போனது. மரம் முறிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. காய்ந்த சருகை நசுக்கின மாதிரி, வழவழவென்று பாலிஷ் போட்ட அந்தக் கைப்பிடி என் விரல்களுக்கு நடுவில் பொடிந்தது. நான் குப்புற விழுந்தேன். மணிக்கட்டு எனக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மூக்குக்கு நேரே தரையில் மண்ணும் தவிடுமாகக் கொட்டிக் கிடக்க, அதில் வெள்ளையாகப் புழுக்கள் மாதிரி நெளிந்தன. நான் கத்தினேன். "அம்மா" என்றுதான் கத்தினேன். மூன்று வருடம் கழித்து.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. முழங்கைவரை மாவுக்கட்டு. மறுபடியும் நான் பழைய நான் ஆனேன். படுக்கையிலிருந்து எழ அம்மா, பாத்ரூம் போக அம்மா, திரும்பி வர அம்மா. அவளுக்கும் வயதாகிவிட்டது, என்னைத் தாங்கும்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அந்தச் சத்தத்தைக் கேட்கக்கூடாது என்பதற்காகவே நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். என் வயது முப்பத்தி நான்கு.

தச்சர் வந்து பலகைகளைப் பெயர்த்தார். பெயர்ப்பதற்கே வேலை இல்லை, கை வைத்ததும் நனைந்த அட்டை மாதிரி வந்தது. முன்பக்கம் பாலிஷ் மின்னியது, பின்பக்கம் முழுக்க மண் புற்று. பாத்ரூம் மூலைக்கு வந்தபோது சுவரிலிருந்து ஒரு பெயிண்ட் பொருக்கு அப்படியே தட்டு மாதிரி கழன்று விழுந்தது. எடுத்துக் கொடுங்கள் என்றேன். விரல் கனத்துக்கு இருந்தது. ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளை, அதற்குக் கீழே சுவருக்குப் பூசுகிற பட்டி, அதற்குக் கீழே கொஞ்சம் மண், மறுபடி வெள்ளை, மறுபடி மண். அம்மா சுவரோரம் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைத் திருகினாள்.

"நான் அப்பவே சொன்னேன்டி, கம்பெனிக்காரன கூப்பிடுங்கன்னு" என்றாள். "புது வீட்டுல கரையான்னா தெருவே சிரிக்கும்னாரு."

அப்பா பிளேடால் சுரண்டிப் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார். அது மறுபடி வந்திருக்கிறது, மறுபடி அடித்திருக்கிறார். பார்ப்பதற்கென்றே பணம் கட்டி ஒருவரை வரவழைத்து, அவர் பார்க்க வேண்டியதைத் துடைத்துப் பூசி மெழுகிவிட்டு, மிச்சத்தை மறைக்க என்னைத் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் உட்கார வைத்திருக்கிறார். வருடா வருடம் கரையானுக்குப் பணம் கட்டுவது தண்டமா இல்லையா என்று தெருவில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தண்டம் கிடையாது. டாக்டருக்கு பீஸ் கட்டிவிட்டுக் கட்டியை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த டாக்டர் என்ன செய்வார்?

அன்று சாயங்காலம் அப்பா கம்பெனிக்குப் போன் போட்டார். நான் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வருடா வருடம் பணம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டா பார்க்கிறீர்கள், என் பெண் கை உடைந்து கிடக்கிறாள், அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று ஹெட்மாஸ்டர் குரலில் விளாசினார். நடுவில் ஒரு வரி வந்தது. நாங்கள் ஒன்றுமே பண்ணவில்லை, அதுவாக உடைந்துவிட்டது என்றார். நாள் முழுக்க நான் கேட்கிற அதே வரி, அதே குரல்.

போனை வைத்ததும் கேட்டேன். பெயிண்ட் அடித்ததைச் சொன்னீர்களா என்றேன். அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. அவர்கள் வந்து பார்த்து, தங்கள் தப்பு என்று ஒத்துக்கொண்டால் பலகை, கைப்பிடி எல்லாம் அவர்களே புதிதாகப் போட்டுத் தருவார்கள், உனக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார். அந்த மனிதருக்கு வேலை போய்விடுமே என்றேன். அது அவன் பாடு, ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

"அப்பா, உண்மைய சொல்லிடுங்க. எனக்கு மரமும் வேணாம், மண்ணும் வேணாம்."

"நீ சும்மா இரு. இன்ஸ்பெக்‌ஷன்ல எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

டார்ச் வருவதாகச் சொன்ன அன்று காலையில் அப்பா அந்த மூலைக்கு மறுபடி பெயிண்ட் அடித்தார். என் கண் முன்னாலேயே. பிறகு என்னைச் சோபாவுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். மாவுக்கட்டு போட்ட கையை மடியில் தூக்கி வைத்து, கட்டு நன்றாகத் தெரிகிறதா என்று இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு வந்து, ஒரு போர்வையை எடுத்து என் கால்களை மட்டும் மூடினார்.

வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

டார்ச் வரும்போதே முகம் வெளுத்திருந்தது. கம்பெனியில் ஏற்கெனவே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. என் கட்டைப் பார்த்தார், மன்னிச்சுக்குங்க மேடம் என்று முணுமுணுத்துவிட்டு மூலைக்குப் போனார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். சுவரைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தது.

இது இப்போது அடித்ததா சார் என்று கேட்டார். ஈரக்கசிவு, அதற்காக அடித்தோம் என்றார் அப்பா. டார்ச் ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தைக் கிளறினார். பொருக்கு எழும்பியது. அதை உள்ளங்கையில் வைத்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்த மண் கோட்டத் தேடித்தான் நாங்க வர்றதே. அதச் சுரண்டி எடுத்துட்டா நான் எதப் பாக்கறது? வீட்டுக்காரங்களே அழிச்சிருந்தா கம்பெனி எதுவும் குடுக்காது, மொதல்லயே சொல்லியிருக்கோம்."

அந்த மூலையில் நாற்காலி இருந்ததே, அதை நகர்த்தச் சொல்லியிருக்கலாம் இல்லையா என்று நான் சோபாவிலிருந்து கேட்டேன். அவர்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. ஆபீஸ் காலில் இருக்கிறவரை எப்படி எழுப்புவது என்று தயங்கிவிட்டேன் மேடம், என் தப்புதான் என்றார். அன்றைக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஒரு மனிதர் தன் தப்பைத் தானே சொல்வதை எங்கள் வீட்டில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தோற்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தோற்றுப் பழக்கம் இல்லாதவர். குரலை இறக்கி, சிநேகமாக, டார்ச்சின் முழங்கையைத் தொட்டுச் சொன்னார்.

"சரி விடுங்க. கரையானால ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மட்டும் சொல்றேன், அவளுக்குப் பொறந்ததுலருந்தே கால் சரியில்ல. கைப்பிடி நல்லா இருந்திருந்தாலும் விழுந்துதான் இருப்பா."

அம்மா, "ஏங்க" என்றாள்.

முப்பது வருடம். விருந்தாளி, சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ஒருவரிடமும் அவர் வாயிலிருந்து என் காலைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை. மானம் கப்பலேறிவிடும் என்று மூடி மூடி வைத்தவர், தன் பெயிண்ட் டப்பாவைக் காப்பாற்றுவதற்காக முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை எடுத்து வெளியில் போட்டார். அதுவும் பொய் சொல்லி. பிறந்ததிலிருந்து இல்லை, காய்ச்சலில் போனது. அதைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

நான் போர்வையை இழுத்துத் தரையில் எறிந்தேன்.

"ஆமா சார், கால் சரியில்ல" என்றேன். "அதனாலதான் கைப்பிடி. இந்த மூணு வருஷமா நான் ஒரு தடவைகூட விழல. அது எங்க அப்பாவுக்கும் தெரியும்."

பெயிண்ட் அடித்தது யார், எத்தனை தடவை, நாற்காலியும் வைஃபை பெட்டியும் எதற்காக அங்கே வந்தன, எல்லாவற்றையும் சொன்னேன். புகார் வாங்குகிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னேன். கம்பெனி பணம் தர வேண்டாம், உங்கள்மேல் தப்பு இல்லை என்று என் பேரில் எழுதித் தருகிறேன் என்றேன். அப்படியென்றால் இந்த வீட்டு ஃபைலை மூடிவிடவா என்று டார்ச் தயங்கித் தயங்கிக் கேட்டார். மூடிவிடுங்கள், இவர்கள் சகவாசமே வேண்டாம் என்றார் அப்பா. மூட வேண்டாம், இனிமேல் வருடா வருடம் நான் கட்டுகிறேன், என் பேரில் மாற்றுங்கள், இன்றைக்கே வீடு முழுக்கப் பாருங்கள் என்றேன் நான்.

பிறகு சோபாவின் கையைப் பிடித்து எழுந்து நின்றேன். அப்பாவின் கை தானாக என் தோளுக்கு வந்தது, அழுத்தி உட்கார வைக்க. வந்த ஆள் இன்னும் போகவில்லையே. அந்தக் கையைத் தட்டிவிட்டு, அவருடைய தோளை என் இடது கையால் இறுக்கிப் பிடித்தேன்.

"உட்காரு. விழுந்துடுவே."

"விழ மாட்டேன். புதுக் கைப்பிடி வர்ற வரைக்கும் நீங்கதான் எனக்குக் கைப்பிடி. நடங்க."

நடந்தார். வேறு என்ன செய்வார், நான் முழுப் பாரத்தையும் அவர்மேல் போட்டிருந்தேன். என் கால் எப்படி வீசும், இடுப்பு எப்படிச் சாயும் என்று எல்லாமே வெளிச்சத்தில் தெரிந்தது. டார்ச் எங்களுக்குப் பின்னால் வந்தார். எங்கெங்கே சுரண்டினீர்கள், ஒவ்வொன்றாகக் காட்டுங்கள் என்றேன். பாத்ரூம் நிலையைக் காட்டினார். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார், அது அம்மாவுக்கே தெரியாதாம், அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஹால் ஜன்னல் சட்டத்தைக் காட்டினார். ஒவ்வொரு இடத்திலும் டார்ச் தட்டிப் பார்த்துச் சாக்பீஸால் குறி போட்டார். ஒவ்வொரு குறிக்கும் அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்குவது என் கைக்குத் தெரிந்தது. எனக்குப் பாவமாக இல்லை. பாவப்பட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

கடைசியில் என் அறை வாசலுக்கு வந்தோம். இங்கே ஒன்றும் இருக்காது, நான் நாள் முழுக்க இதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன், இருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும் என்றேன். டார்ச் சரி என்று திரும்பப் போனார். அப்பா திரும்பவில்லை. வாசலிலேயே நின்றார்.

"இங்கயுமா?" என்றேன்.

அவர் அறையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன் கட்டிலுக்குப் பின்னாடி. தலைமாட்டுல. நீ குளிக்கப் போறப்ப அடிச்சேன்."

என் தலையிலிருந்து ஒரு சாண் தூரம். தினமும் நான் தூங்கினேன், அது ஏறிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தோளைப் பிடித்து அப்படியே தள்ளிவிட வேண்டும் போல் இருந்தது. தள்ளினால் நானும் விழுவேன். கையை எடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உள்ள நடங்கப்பா" என்றேன், "கட்டில இழுங்க."